மறைந்த என் அண்ணனுக்கு

சித்தப்பா அவர்களுக்கு,

என் அப்பாவை நீங்கள் கொன்றுவிட்டீர்கள். விருது மேடையில், அத்தனை விளக்கு வெளிச்சத்தில், கையில் சிலையை வைத்துக்கொண்டு, ஊரே பார்க்கக் கொன்றீர்கள். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். சித்தியின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சிறந்த இயக்குநர் விருதுக்கு என் வாழ்த்துகள். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

அன்று பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அதனால் நானே சொல்கிறேன். முதலில் தயாரிப்பாளருக்கு நன்றி சொன்னீர்கள். அப்புறம் தயாரிப்பாளரின் மனைவிக்கு, படத்தில் தலைகாட்டிய அவர்கள் வீட்டு நாய்க்கு, உங்களுக்குத் தலைச்சாயம் பூசுகிறவருக்கு. நாய்க்கு மட்டும் இரண்டு தடவை. அதற்குள் நேரமாகிவிட்டது, இறங்குங்கள் என்று சொல்லும் அந்த வாத்திய இசையைக் கிளப்பிவிட்டார்கள். நீங்கள் பதறிப்போய்ச் சிலையை உயர்த்தி, "மறைந்த என் அண்ணனுக்கு!" என்றீர்கள். குரல் உடைந்தது. இசை சட்டென்று நின்றது. அரங்கமே எழுந்து நின்றது. மறைந்த அண்ணன் அப்போது எங்கள் சோபாவில் உட்கார்ந்து காலுறையில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "என்னைத்தான் சொல்றான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "'மறைந்த'ன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா. "அவசரத்துல வாய் தவறியிருக்கும், விடு. எல்லாரும் எழுந்து நிக்கறாங்க பாரு, அதப் பாரு" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை நான் போன் செய்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "திரைக்குப் பின்னால மறைஞ்சிருக்கிற என் அண்ணனுக்குன்னுதாம்மா சொல்ல வந்தேன். அதுக்குள்ள அவனுங்க வாசிக்க ஆரம்பிச்சுட்டானுங்க. வாக்கியம் பாதியில அறுந்துபோச்சு." சரி, உடனே திருத்தியிருக்கலாமே என்றால், "கைதட்டினப்புறம் எப்படிம்மா திருப்பிக் குடுக்கறது?" இதை நியாயமான கேள்வி மாதிரியே கேட்டீர்கள். நான் தண்ணீர்க் குழாய்ப் புகார் அலுவலகத்தில் போன் எடுக்கிறவள், சித்தப்பா. உடைந்தது குழாய் இல்லை, தண்ணீர்தான் என்று பேசுகிறவர்களை நான் தினமும் கேட்கிறேன்.

அன்று மத்தியானமே துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போனை எடுத்ததெல்லாம் அப்பா. "அவர் போனது எங்களுக்குப் பெரிய இழப்புங்க. நீங்க யார் பேசறது?" என்று கேட்டார்கள். "நான்தாங்க" என்றார் அப்பா. "அப்படியே அவர் குரல். தம்பிங்களா?" என்று அழுதார்கள். முதலில் சிரித்தோம். ஆனால் யாரும் நம்பவில்லை. நான்தான் அவர் என்று அப்பா அழுத்திச் சொல்லச் சொல்ல, எதிர்முனையில் குரல் இரக்கமாகிக்கொண்டே போனது. துக்கத்தில் புத்தி பேதலித்த தம்பியிடம் பேசுகிற மாதிரி, "தைரியமா இருங்க" என்று வைத்துவிட்டார்கள். மாலைக்குள் அப்பா அழுத்திச் சொல்வதை விட்டுவிட்டார். "ஆமாங்க, நல்ல மனுஷன்" என்று அவரும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்று ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவரை நானே அழைத்துப் போனேன். உங்கள் கதாநாயகன் மாடிப்படி ஏறும் சத்தம் கதாநாயகனுடையது அல்ல, திரையைப் பார்த்தபடி பலகையிலும் மணலிலும் விதவிதமான பூட்ஸில் நடக்கும் என் அப்பாவுடையது என்று உங்களுக்குத் தெரியும், கைதட்டியவர்களுக்குத் தெரியாது. கூடத்தில் அவருக்குக் 'காலடி' என்றே பெயர். அந்தப் பெயரும் உங்கள் படங்களில் எதிலும் வந்ததில்லை. நாங்கள் போனபோது உள்ளே காலடிக்காக ஒரு நிமிட மௌனம் நடந்துகொண்டிருந்தது. அப்பா ஓரமாகப் போய்த் தலைகுனிந்து நின்றுகொண்டார். வேறென்ன செய்வார்? முடிந்ததும் எல்லோரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள், ஆறுதல் சொன்னார்கள். ஒலிப்பதிவாளர் மட்டும் முகம் வெளிறி என்னைக் கூப்பிட்டார். மைக்கை அணைக்க மறந்து அந்த மௌனமும் பதிவாகியிருந்தது. போட்டுக் காட்டினார். ஒருவர் மூக்கை உறிஞ்சுகிறார், யாருடைய வயிறோ இரைகிறது, நான் செருமுகிறேன், எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். அப்பா மைக்குக்கு நேர் கீழே நின்றிருந்தார். அந்த இடத்திலிருந்து ஒன்றுமே இல்லை. "இவர் மூச்சே விடலையேம்மா" என்றார் ஒலிப்பதிவாளர் மெதுவாக. பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "சுத்தமான பதிவு. வெச்சுக்கங்க, எதுக்காவது ஆகும்" என்றார்.

வீட்டிலும் அதே கதைதான். அவர் நடந்து வருவது யாருக்கும் கேட்பதில்லை. திரும்பினால் பின்னால் நிற்கிறார். ஊரில் உள்ள அத்தனை நடிகர்களுக்கும் நடை கொடுத்தவர் சமையலறைக்குள் வருவது தெரியாமல் அம்மா இரண்டு தடவை கூச்சல் போட்டுவிட்டாள். மூன்றாவது தடவை கூச்சல் போடவில்லை, அவரைத் தாண்டி உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஜன்னல் வழியாகச் சொல்கிறாள்: "ஒரு நாள் என்கிட்ட முகம் சுளிச்சதில்லைங்க. அந்த மாதிரி மனுஷன் இனி பொறந்துதான் வரணும்." நான் பிறந்த நாள் முதல் அந்த மனிதரை அவள் திட்டித்தான் கேட்டிருக்கிறேன். அப்பா இந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்று, மூச்சடக்கி, ஒரு சொல் விடாமல் கேட்கிறார். "நடுவுல பேசிடாத பாப்பா, நிறுத்திடுவா" என்று என்னிடம் கை காட்டுகிறார். விழாவை மறு ஒளிபரப்புச் செய்தபோது நீங்கள் பேசும் இடத்தில் பின்திரையில் அப்பாவின் படத்தைச் சேர்த்திருந்தார்கள், கறுப்பு வெள்ளையில், கட்டம்போட்ட ஒரு சட்டையில். அப்படி ஒரு சட்டை அவரிடம் இல்லை. போன வாரம் அவர் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே வாங்கினீர்கள் என்றால், "இது எப்பவும் இருக்கற சட்டைதானேம்மா" என்கிறார்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை, சித்தப்பா. எனக்கு வருவது கோபம்தான். உழைக்கிறவன் உயிரோடு இருக்கும்வரை அவன் பெயர் உங்கள் வாயில் வராது, செத்தால் நாக்கில் தேன் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. உங்களுக்கு ஒரு கண்ணீர் தேவைப்பட்டது, கைக்கு அகப்பட்டது அண்ணன். அடுத்த மாதம் இன்னொரு விழாவில் நீங்கள் விருது கொடுக்கப் போகிறீர்களாம். அதே மாதிரி மைக் முன்னால் நின்று, "என் அண்ணன் உயிரோடு இருக்கிறார்" என்று சொல்லுங்கள். கைதட்ட மாட்டார்கள், பரவாயில்லை. அவர் மூச்சு விட்டால் போதும் எனக்கு.

சித்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்த அடுத்த மாத விழாக் குழுவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அப்பாவுக்கு நினைவு விருது, நான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அவர் உயிரோடு இருக்கிறார் என்றேன். "அப்படின்னா இந்தப் பிரிவுல தர முடியாதுங்க" என்றாள், வருத்தமாகத்தான். வேறு பிரிவில் கொடுங்கள் என்றேன். "அவர் செஞ்ச வேலைக்கு வேற பிரிவு இல்லைங்களே." நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதனால் மேலே கேட்டதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள், சித்தப்பா, தயவுசெய்து மேடையில் எதையும் திருத்திவிடாதீர்கள். அப்பா எனக்கு ஏற்புரை எழுதித் தந்துவிட்டார். நன்றாகவே இருக்கிறது. "'மறைந்த'ங்கற இடத்துல கொஞ்சம் நிறுத்து பாப்பா, அவங்க எழுந்து நிக்க நேரம் குடு" என்று சொல்லிக் கொடுத்தார். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். அழுகை தானாக வந்தது. பயந்துபோய் இப்போது அவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன், எதிரே நாற்காலியில்தான் இருக்கிறார், என்னைத்தான் பார்க்கிறார்: அப்பா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போகல. ஒரே ஒரு வார்த்தை. சொல்லுங்கப்பா.