ஐந்தாம் பகுதி முயல்கள்

முதல் முயல் கூட்டுக்குள் விழுந்த அன்றுதான், தான் எந்த வேலைக்குத் தலையாட்டியிருக்கிறோம் என்பது தம்பித்துரைக்கு விளங்கியது.

விடிந்தும் விடியாத பனிக்குள், கால்வாய்க் கரையில், கம்பிக் கூட்டுக்கு வெளியே அவர் குந்தியிருந்தார். உள்ளே முயல் குந்தியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பித்துரை கோப்பாய்ச் சங்கக்கடையில் பதினொரு வருடம் மனேச்சராக இருந்தவர். சீனி மூட்டைக்குள் எலி ஓடினால் அடிப்பதற்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு, தான் வெளியே போய் நிற்பவர்.

அது எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி. கெல்சென்கிர்ச்சனின் ஒதுக்குப்புறத்திலிருந்த அகதி விடுதியில் ஓர் அறையைத் துணி கட்டிப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் தம்பித்துரையும் மனைவி கமலநாயகியும். மறுபாதியில் ராசனும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும். கமலநாயகிக்கு நாலு மாதம். பிள்ளை பிறக்கமுன் கதவுள்ள ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான் தம்பித்துரையின் ஆசை.

வீடும் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் பிரிங்க்மனின் கடைக்கு மேலே இரண்டு அறைகள் பூட்டிக் கிடந்தன. பிரிங்க்மன்தான் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர். சங்கத்துக்காரர்கள் துப்பாக்கியால் சுடுவது குறி வரைந்த காகித அட்டையை மட்டும். ஆனால் கால்வாய்க் கரையையும் அவர்கள் பொறுப்பெடுத்து, ஐந்து பகுதியாகப் பிரித்துத் தங்களுக்குள் பங்குபோட்டிருந்தார்கள். மரக்கன்று நடவேண்டும், குருவிகளுக்குப் பெட்டி தொங்கவிடவேண்டும், கரையைத் தோண்டிக் கன்றுகளின் பட்டையையும் உரித்துத் தின்கிற முயல்களைக் குறைக்கவேண்டும். ஐந்தாம் பகுதிக்கு மட்டும் ஆளில்லை. அந்தக் கரை இடிகிறது என்று மேலிடத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

"ஐந்தாம் பகுதியை நீங்கள் பாருங்கோ. நம்பிக்கையான ஆளெண்டு தெரிஞ்சால் மேல்வீட்டைத் தாறன்" என்றார் பிரிங்க்மன். அவர் சொன்னது ஜேர்மன் மொழியில்தான். தம்பித்துரையின் காதில் எல்லாமே யாழ்ப்பாணத்துத் தமிழாகத்தான் விழும்.

"துவக்கு?"

"அது உங்களுக்குத் தர ஏலாது, சட்டம். கூடு வைச்சுப் பிடியுங்கோ. பிடிச்சதை என்ன செய்யிறதெண்டது அவரவர் சொந்த அலுவல். எங்கடை சங்கத்திலை அதை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

கையெழுத்துப் போட்ட அன்று பிரிங்க்மனின் மனைவி மக்டலீன் உள்ளங்கை அகலத்துக்குக் கேக் வெட்டிக் கொடுத்தாள். வாய் திறந்து ஒன்றும் பேசவில்லை.

இப்போது முயல் முன்னால் இருக்கிறது. கூட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் விடுதிக்கு வந்தார்.

கமலநாயகி வாசலிலேயே மறித்தாள். "இஞ்சருங்கோ, நான் வயித்திலை பிள்ளையோடை இருக்கேக்கை நீங்கள் உயிர்க்கொலை செய்யிறதோ? பிள்ளைக்கு ஆகாதெண்டுதானே தாடியைக்கூட வழிக்காமல் விட்டிருக்கிறியள்?"

"கொல்லாட்டி வீடு இல்லைக் கமலம்."

"கொலை செய்தால் பிள்ளைக்குக் கூடாது."

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராசனின் குரல் வந்தது. "அண்ணை, குறை நினையாதேங்கோ, துணிச்சுவர்தானே, எல்லாம் கேட்டுது. பாலத்துக்கு அங்காலை கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ. அது நாலாம் பகுதி. உங்கடை கணக்கிலை முயல் போனது போனதுதானே?"

தம்பித்துரைக்கு இது பெரிய மூளையாகத் தெரிந்தது. அன்றிலிருந்து காலை ஐந்து மணிக்கு, கமலநாயகியின் பழைய சீலையால் கூட்டை மூடிக்கொண்டு பாலத்தைத் தாண்டத் தொடங்கினார். ஐந்தாம் பகுதியில் முயல்கள் நல்லூர்த் தேருக்கு வந்த சனம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மற்றப் பகுதிகளிலோ ஒன்றிரண்டுதான். மற்றவர்கள் பெரிய வேட்டைக்காரர்கள் போலும் என்று எண்ணி வெட்கப்பட்டார்.

கார்த்திகைக் கூட்டத்தில் பிரிங்க்மன் கேட்டார். "எத்தினை?"

"பதினேழு."

"எல்லாம்... முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது."

பிரிங்க்மன் பியர் கிளாசைத் தள்ளி வைத்தார். "நல்லது" என்றார். குரலில் நல்லது ஒன்றும் இல்லை. ஜேர்மன்காரர் பாராட்டினாலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று தம்பித்துரை சமாதானப்பட்டார்.

நாலாம் பகுதிக்காரர் பவ்லொவ்ஸ்கி எழுந்தார். சுரங்கத்தில் முப்பது வருடம் நிலக்கரி வெட்டிய மலைபோன்ற மனிதர். தம்பித்துரையின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "என்ரை பகுதியிலையும் முயல் கூடிப்போச்சு. இனி என்னாலை ஏலாது. அதையும் அவரே பாக்கட்டும்."

கூடிய முயல் அத்தனையும் தம்பித்துரை கொண்டுபோய் விட்டவை. ஆனால் வீட்டை நினைத்தார். "அந்த மேல்வீடு..." என்று மெல்ல இழுத்தார்.

"தண்ணிக் குழாய் ஒழுகுதெண்டு மக்டலீன் சொல்லுறா. அடுத்த மாதம் பாப்பம்."

மக்டலீன் கேக் வைத்தாள். இந்த முறை இரண்டு விரல் அகலம். சீனி விலை ஏறிவிட்டதாக்கும் என்று தம்பித்துரை நினைத்தார்.

பிறகென்ன, நாலாம் பகுதி முயல்களை மூன்றாம் பகுதிக்கு ஏற்றினார். மார்கழியில் மூன்றாம் பகுதிக்காரர் கையை விரித்தார். அந்த முயல்களை இரண்டாம் பகுதிக்கு ஏற்றினார். தையில் அந்தப் பகுதிக்காரரும் முழங்கால் நோகிறது என்று கூடுகளைத் தம்பித்துரையிடம் ஒப்படைத்தார். எவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கெட்டிக்காரனைக் கண்டால் எல்லா ஊரிலும் பொறாமைதான் என்றான் ராசன். மேல்வீட்டில் பெயின்ற் காயவில்லையாம். கேக் ஒரு விரலாக மெலிந்திருந்தது.

கமலநாயகிக்கு ஏழு மாதம். துணிக்கு அந்தப் பக்கம் சீட்டாட்டமும் சிகரெட்டும். ஒருநாள் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுததைத் தம்பித்துரை பார்த்துவிட்டார். அவருக்கும் அழுகை வந்தது. அடுத்த நாள் மிச்சமிருந்த ஒரே இடமான முதலாம் பகுதிக்குள், தலைவர் பிரிங்க்மனின் சொந்தப் பகுதிக்குள், பதினான்கு முயல்களைத் திறந்துவிட்டார்.

மாசிக் கூட்டத்தில் பிரிங்க்மன் தன்னுடைய கூடுகளையும் தூக்கி மேசைமேல் வைத்தார். கண் கலங்கியிருந்த மாதிரித் தெரிந்தது. "முழுக்கரையும் இனி உங்கடை பொறுப்பு."

"மேல்வீடு?"

"பூட்டுத் திறப்பைக் காணேல்லையாம். மக்டலீன் தேடுறா."

அன்றைக்குக் கேக்கே இல்லை. வெறும் தட்டுத்தான் வந்தது.

முழுக்கரையும் கையில் வந்தபோதுதான் தம்பித்துரைக்கு வில்லங்கம் முழுதாகப் புரிந்தது. இனிக் கொண்டுபோய் விட ஒரு முழம் நிலமும் இல்லை. பங்குனிக் கூட்டம் வந்த கிழமையில் மட்டும் இருபத்துமூன்று முயல்கள் பிடிபட்டன. விடுதிக்குக் கொண்டுவந்து பொதுக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். முயல்கள் சவர்க்காரத்தைத் தின்று பார்த்தன, பிடிக்காமல் விடுதி மேற்பார்வையாளரின் துவாயைத் தின்றன. அந்த மனுசன் முகம் கழுவ வந்து கதவைத் திறந்ததுதான் தாமதம், முயல்கள் மாடிப்படி முழுவதும் சிதறின.

"நாளைக்கு இதெல்லாம் இஞ்சை இருக்கக்கூடாது. இருந்தால் நீங்களும் இருக்க மாட்டியள்!" என்று அவர் கத்திவிட்டுப் போனார்.

முயல்களைப் பிடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ராசன் ஏற்கெனவே வெங்காயம் உரிக்கத் தொடங்கியிருந்தான்.

"அண்ணை, இது கடவுள் காட்டின வழி. நீங்கள் கொல்ல வேண்டாம். கோயில் பக்கம் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. ஒரு பிரட்டல், ஒரு ரசம்..."

"இஞ்சை எங்கையடா கோயில்?"

"அதுதான் அண்ணை, எந்தப் பக்கம் பாத்தாலும் பிழையில்லை."

கமலநாயகி வெங்காயத்தைப் பறித்துக் கூடைக்குள் போட்டாள். "இவ்வளவும் காணும். இண்டைக்கு எத்தினை மணிக்குச் சங்கக் கூட்டம்? உள்ளதைச் சொல்லிப்போட்டு வருவம். நானும் வாறன்."

"சொன்னால் வீடு போயிடும் கமலம்."

"போகட்டும். பொய்யிலை கிடைச்ச வீட்டிலை பிள்ளையை எப்பிடி வளக்கிறது?"

பின்னேரம் நாலு மணிக்குச் சங்க மண்டபத்துக்குள் தம்பித்துரை, கமலநாயகி, சீலை போர்த்த ஆறு கூடுகள், அவற்றைச் சுமந்த ராசன் என்று ஊர்வலமாக உள்ளே போனார்கள். பவ்லொவ்ஸ்கி கூடுகளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார், இழவு வீட்டில் நிற்பவர்போல.

தம்பித்துரை சீலையை இழுத்தார். நாற்பத்தாறு காதுகள் ஒரேயடியாக நிமிர்ந்தன.

"நான் ஒண்டையும் கொல்லேல்லை" என்றார் தனக்குத் தெரிந்த ஜேர்மனில். "என்ரை மனுசிக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. எங்கடை வழக்கத்திலை அந்த நேரம் கொல்லக்கூடாது. உண்மையைச் சொன்னால், எந்த நேரமும் எனக்கு ஏலாது. அஞ்சிலை பிடிச்சதை நாலிலை விட்டன். நாலிலை பிடிச்சதை மூண்டிலை விட்டன். கடைசியிலை தலைவற்றை பகுதியிலையும் விட்டன். உங்கடை கன்றுகளைத் திண்டதெல்லாம் என்ரை முயல்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வீடு வேணுமெண்ட ஆசையிலை மறைச்சிட்டன்."

வீடு போயிற்று என்று தம்பித்துரைக்குத் தெரிந்தது. ஆனாலும் நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. கமலநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

"நில்லுங்கோ!"

மக்டலீனின் குரலை அவர் கேட்பது அதுதான் முதல்தடவை. அவள் மேசைகளைச் சுற்றிக்கொண்டு வேகமாக வந்து, மேலங்கிப் பைக்குள் கையை விட்டு, ஒரு திறப்பை எடுத்துக் கமலநாயகியின் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பித்துரையைப் பார்த்தாள்.

"இருபது வருசமா இந்தச் சங்கத்திலை ஒருத்தரும் ஒரு முயலையும் கொல்லேல்லை, எல்லாரும் பிடிச்சுப் பிடிச்சு ஆளில்லாத அஞ்சாம் பகுதியிலைதான் விட்டவை, ஐயோ, அங்கை ஒரு கொலைகாரன் வந்திட்டான் எண்டுதானே நான் இந்தத் திறப்பை இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனான்!"