ரிப்பன் கட்டிய சாய்தளம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த மனிதகுலம் அதற்கடுத்து நிகழ்த்திய மகத்தான சாதனை, பராகுவே நாட்டுச் சிற்றூர்க் கல்லூரி ஒன்று கட்டிய சாய்தளமே ஆகும். மாற்றுத்திறனாளி மாணவர்கள் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு 'இடறலின்றிக் கடந்துவர' எழுப்பப்பட்டது அது. அதன் குறுக்கே தேசியக் கொடியின் மூவண்ணத்தில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. அதை அமைச்சர் வந்து வெட்ட வேண்டும்.

சக்கர நாற்காலியில் வந்திருந்த நிமியாவுக்கோ அன்றுதான் சேர்க்கையின் கடைசி நாள். படிகளுக்கு மேலே இருக்கும் சேர்க்கைச் சன்னலைப் பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள். தவறினால் ஒரு வருடம் வீண்.

"ரிப்பனுக்குக் கீழ குனிஞ்சு போயிடறேனே, டாக்டர்" என்றாள், மாணவர் ஆதரவுத் துறை இயக்குநர் எலாடியோவிடம். அவர் மருத்துவர் அல்லர். அங்கே டை கட்டியவர் எல்லாரும் டாக்டர்தான்.

"ஐயையோ! திறக்காத தளத்துல சக்கரம் படலாமா? அமைச்சர் மனசு என்ன பாடுபடும்!"

"அப்ப நான் தூக்கிட்டுப் போறேன்" என்று அவள் அண்ணன் தெர்லிஸ் படிப்பக்கம் வந்தான்.

எலாடியோ பதறிப்போனார். "தூக்கறதா? தங்கச்சியோட சுயமரியாதை என்னாகறது? யார் தயவும் இல்லாம ஏறணும்னுதானேப்பா இதைக் கட்டினோம்!"

"சரி, பதிவேட்டையாவது கீழ கொண்டாங்க" என்றாள் நிமியா.

"பதிவேடு படியிறங்கறது நம்ம மரபுல இல்லம்மா."

"சாய்தளத்துல இறங்கட்டுமே?"

"அது இன்னும் திறக்கலையே!"

ஆத்திரத்திலும் நிமியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒருவழியாக அமைச்சர் வந்தார். பேண்டு முழங்கியது. 'தடைகளற்ற தேசம்' பற்றி அவர் ஆற அமரப் பேசினார். பிறகு ரிப்பனை வெட்டினார். வெட்டியதுதான் தாமதம், நிமியா சக்கரங்களை உருட்டிக்கொண்டு பாய்ந்தாள். பாதி ஏறியிருப்பாள்.

"அங்கேயே நில்லுங்க!" என்று கத்தினார் புகைப்படக்காரர். "அமைச்சர் தள்ளிவிடற மாதிரி ஒண்ணு!"

அமைச்சர் ஓடிவந்து நாற்காலியை இறுகப் பிடித்தார்.

"விடுங்க டாக்டர், நேரமாகுது!"

"சிரிம்மா, சிரி. நாளைக்குப் பேப்பர்ல வரும்."

"கண்ணை மூடிட்டீங்க, இன்னொண்ணு!"

மேலே சன்னல் தடாலென்று மூடியது.

அமைச்சர் கனிவோடு மைக்கை நீட்டினார். "நீ என்னம்மா படிக்கப்போறே?"

நிமியா மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"மாட்டு வைத்தியம் படிக்க வந்தேன், டாக்டர். சன்னலைச் சாத்திட்டாங்க. சாய்தளத்து மேல ஒரு குறையும் இல்ல. நான் உள்ள போக இருந்த கடைசித் தடை, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டிருக்கற உங்க கைதான்."