பழைய தெருக்களும் சேர்த்து

வேலை செய்து வலிக்கிற தோள் ஒரு ராத்திரி தூங்கினால் ஆறிவிடும். வேலையில்லாமல் வலிக்கிற தோள் எந்தத் தைலத்துக்கும் கேட்காது. உப்புத்தெரு அங்காயிக்கு வந்திருந்தது இரண்டாவது வலி. ஏரி மடைச் சக்கரத்தைத் திருகுகிறவள் அவள். ஒரு மாதமாக அவளை யாரும் கூப்பிடவில்லை. அடுப்பும் எரியவில்லை.

ஏவல்நாட்டில் எதுவும் தானாக நடக்காது. விடிந்ததும் அரண்மனை மாடத்தில் ஏவல் ஓலையை வரிவரியாக வாசிப்பார்கள். ஒவ்வொரு வரியையும் சுமந்துகொண்டு கூவலாள் மூடுபனிக்குள் இறங்குவான். அவன் வந்து சேருமுன் அவன் குரல் வந்துவிடும்; ஜன்னலில் உட்கார்ந்து ஆளைப் பார்க்கும். எந்தெந்தத் தெருவில் ஆள் தேட வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அதன் பெயர் தேடுவழி. வரிசை முடிந்தும் ஆள் அகப்படாவிட்டால் “கிடைக்கவில்லை” என்று கூவிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுவான்.

புதிய அரசர் வந்தார். அவருடைய ஐந்தாம் வருடத்தில் அரண்மனைக்கு எதிரே பொற்காலத் தெரு எழும்பியது. புதுத் தெரு வந்தால் தேடுவழி ஓலையில் அதன் பெயரை எழுதி, பின்னால் ‘பழைய தெருக்களும் சேர்த்து’ என்று முடிப்பது அந்த நாட்டு வழக்கம். தலைமை அமைச்சர் வாகைநாதர் பொற்காலத் தெரு என்று எழுதி முடித்ததுமே சபை கைதட்டியது. அவர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு வணங்கினார். ஓலை அந்த முடிப்பு இல்லாமலே அமலுக்கு வந்தது.

மறுநாள் முதல் வரி, ‘மடை திற’. கிடைக்கவில்லை. இரண்டாம் வரி, ‘வந்த நீருக்கு நன்றி சொல்’. அதற்கு ஆட்கள் பொற்காலத் தெருவிலேயே இருந்தார்கள். வறண்ட வாய்க்கால் கரையில் வரிசையாக நின்று நெடுநேரம் நன்றி சொன்னார்கள். பிழை என்னவென்று சபைக்கே தெரிந்தது. ஓலை திருத்துகிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் குடியிருந்தது பழைய தெருவில். கிடைக்கவில்லை.

“அரசரின் ஓலை தவறாது. தெருக்களே தவறியிருக்கின்றன” என்றார் வாகைநாதர்.

பொற்காலத் தெருவில் ‘மடை திறப்பவர்’ என்று ஒரு பலகை மாட்டி, அதன் கீழே தம் மைத்துனரை உட்கார வைத்தார். கூவலாள் போய்க் கூப்பிட்டால் மைத்துனர் எழுந்திருக்காமலே “திறந்தாயிற்று” என்பார். ஓலையில் ஒரு குறையும் இல்லை. வயலில் மட்டும் வெடிப்பு விழுந்தது. அங்காயி பாதி உறக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு எழுவாள். பார்த்தால் தன் வயிறு.

அரண்மனைத் தாமரைக்குளம் வற்றியபோதுதான் சபை கவலைப்பட்டது. முழு விலாசம் சொல்லிக் கூப்பிட்டால் தேடுவழி தேவையில்லை என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். அன்றே கூவலாள் தொப்ளான் அவள் வாசலுக்கு வந்து நின்றான்.

“மேற்கு வாசல், உப்புத்தெரு, முருங்கை மரத்து வீடு, அங்காயி!”

“ஏன்டா தொப்ளா, ஒரு மாசமா எங்க போன?”

“நான் எங்கக்கா போனேன்? உன் தெருதான் போயிடுச்சு.”

“கூலி?”

“மூணு மரக்கா நெல்லு. ராசா வாயால சொன்னாரு.”

போனாள். சக்கரம் துருவேறி இறுகிக் கிடந்தது. மூன்றாம் திருகலில் தோளுக்குள் ஏதோ பிசகிக் கொண்டது, விடாமல் திருகினாள். தண்ணீர் குளத்துக்குப் போய்த் தாமரையைத் தூக்கி நிறுத்தியது. அதன் பிறகு மடையை மூடச் சொன்னார்கள்.

அரண்மனைக் கூலி ஜன்னலில் வெறும் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். “அங்காயி!” என்று தொப்ளான் கூவிக்கொண்டே பொற்காலத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “கிடைக்கவில்லை.”

“அட பாவி, உன் மூக்குக்கு எதிர்லதானே நிக்கறேன்!”

“நிக்கறது தெரியுதுக்கா. ஆனா கிடைக்கலையே.”

“வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி மரம், வீடு எல்லாம் சொல்லிக் கூப்பிடு.”

உள்ளேயிருந்து வாகைநாதர் எட்டிப் பார்த்தார். “அம்மணி, முழு விலாசம் அவசரத் தேவைகளுக்கானது. கூலி அவசரமன்று.”

“உனக்குச் சோறு அவசரமா இருந்ததே இல்லையா சாமி?”

அவர் தொப்ளானைப் பார்த்தார். “யார் பேசுவது? ஒருவரும் கிடைக்கவில்லையே.”

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும் கைதூக்கு நாள் அந்த மாதமே வந்தது. அன்று மட்டும் கூவலாட்கள் பழைய தெருக்களில் பனி போலப் பரவினார்கள். மேற்கு வாசல், உப்புத்தெரு, முருங்கை மரத்து வீடு. மரத்தில் எத்தனை காய் என்பது வரை சொன்னார்கள். வாசலுக்கே பல்லக்கு வந்தது.

மைதானத்தில், அரசர் தொடரட்டும் என்பவர்கள் கைதூக்கச் சொன்னார்கள். அங்காயி தூக்கவில்லை. மனம் இல்லை, இருந்திருந்தாலும் அந்தத் தோள் தூக்க விட்டிருக்காது. எண்ணுகிறவர் அவளிடம் வந்ததும் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

“நான் தூக்கலையே!”

“விலாசம் கிடைத்துவிட்டது தாயே. அதுவே கை தூக்கியதற்குச் சமம்.”

அரசர் தொடர்ந்தார். முதல் ஓலையில் மக்களுக்கு நன்றி சொன்னார். உப்புத்தெரு அங்காயிக்கு மடை திறந்த கூலி மூன்று மரக்கால் நெல் இன்னும் பாக்கி.