டமால் மாமாவும் ஆறுகால் நட்சத்திரமும்

குழந்தைகளே, பொருளைக் கீழே போட்டால் நமக்குத் திட்டு விழும். கீழே போட்டதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தெரு டமால் மாமாதான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை அவருக்கு. கட்டி முடித்த பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து மூன்று முறை கீழே போட வேண்டும். முதலில் மூலை, அடுத்து ஓரம், கடைசியில் முதுகு. உள்ளே ஒன்றும் உடையவில்லை என்றால்தான் அது லாரி ஏறும்.

பழக்கம் அவரை வீட்டிலும் விடவில்லை. புது டிபன் பாக்ஸைக் கடையிலேயே மூன்று முறை போட்டுப் பார்ப்பார். அவர் தலை தெரிந்தாலே பாத்திரக்கடைக்காரர் ஷட்டரை இறக்குவார். தர்பூசணியை மட்டும் ஒரே முறையோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் லீவில் எங்கள் தெருவின் ஐந்து வாண்டுகள் அவரிடம் மாட்டினார்கள். எல்லோரும் எல்.கே.ஜி. என் மகள் ஜெனியும் அதில் ஒருத்தி. தெருமுனைக் கம்பியில் தொங்கும் நட்சத்திரத்தைத் தாங்களே செய்ய வேண்டுமென்று அவர்களுக்கு ஆசை.

டிபன் கடை ஸ்டெல்லா அக்கா சிரித்தார். வருடா வருடம் அந்தக் கம்பிக்கு நட்சத்திரம் வாங்கி வருபவர் அவர்தான்.

“பசங்க பண்றது ஒரு காத்துக்குத் தாங்குமா? கட்டிப் பாருங்க. பிஞ்சிச்சுன்னா என் கடை ஸ்டார்தான் மேல ஏறும்!”

ஜெனி அன்று இரவு சாப்பிடவே இல்லை. “எங்க ஸ்டார்தான்பா மேல” என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

முதல் நட்சத்திரம் துடைப்பக் குச்சியில் கலர் பேப்பர் ஒட்டியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமா அதை இடுப்புக்கு உயர்த்தினார். டமால்! ஐந்து வாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன. அந்த அழுகையை எங்கள் தொழிற்சாலைச் சங்கு என்று நினைத்து, ஷிப்டு முடிந்துவிட்டதென்று நான் பையைத் தேடினேன்.

“அழுவாத நைனா! இப்ப எங்க புட்டுக்கிச்சுன்னு தெரிஞ்சிச்சா? அங்கதான் இன்னும் ரெண்டு சுத்து சுத்தணும்.”

சுற்றினார்கள். டமால். மறுபடி சுற்றினார்கள். நாலாம் நாள் பிள்ளைகளே “போடு மாமா, போடு!” என்று குதித்தார்கள். மூங்கில் பிளாச்சு, அட்டைப்பெட்டி மூலைகள், பெட்டி கட்டும் பட்டை நாடா, மேலே பிளாஸ்டிக் தாளில் பிஞ்சு விரல்களின் பெயிண்ட். ஆளுக்கொரு கால், மாமாவுக்கும் ஒன்று வேண்டுமென்று ஜெனி அடம்பிடித்ததால் மொத்தம் ஆறு கால்.

ஸ்டெல்லா அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இன்னாய்யா இது, நண்டா?”

“ஸ்டாரு!” என்று ஐந்து பேரும் கத்தினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் நட்சத்திரத்தைக் கம்பியில் கட்டி முடித்ததும், கடல் பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. கயிறு அறுந்தது. நட்சத்திரம் நடுரோட்டில் விழுந்தது. ஜெனி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஸ்டெல்லா அக்கா தன் கடை ஸ்டாரை எடுக்க உள்ளே ஓடினார்.

விழுந்த வேகத்தில் அது எகிறியது. ஒவ்வொரு குதிக்கும் பிள்ளைகள் கத்தி எண்ணினார்கள்.

“மூலை!”

“ஓரம்!”

“முதுகு!”

மூன்றாவது குதியோடு அது அமைதியாகப் படுத்தது. மாமா ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தார். ஒரு கால்கூட நெளியவில்லை.

“பாஸு!” என்றார், தொழிற்சாலையில் பெட்டி தேறியதும் சொல்கிற அதே குரலில்.

ஸ்டெல்லா அக்கா தன் ஸ்டாரைக் கடை வாசலிலேயே மாட்டிவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? அந்த நண்டத் தூக்கிக் குடுங்க!” இந்த முறை கயிற்றுக்குப் பதில் பட்டை நாடா. உள்ளே பல்பை மாட்டி எரியவிட்டதும் ஐந்து பேரும் போட்ட கூச்சல் பஜார் வரை கேட்டிருக்கும்.

புத்தாண்டு கழிந்து நட்சத்திரத்தை இறக்கிய அன்று பிள்ளைகள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “போடு மாமா!”

இடுப்பு வரை உயர்த்தியவர், அப்படியே நின்றார்.

“வேணாம் நைனா. ஒடைஞ்சிடப் போவுது.”

துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல், பள்ளம் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து வீடு போய்ச் சேர்ந்தார்.