அக்காவின் ஒட்டு முடியும் அத்தானின் சோதனையும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு நான் நலம். உன் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, முடிதான் போய்விட்டது. நீயும் உன் வருங்கால மனைவியும் அவளைப் பெற்றவர்களும் நலமாய் இருக்க வேண்டும். முக்கியமாக, அவளைப் பெற்றவர்கள் நல்ல மனநிலையில் இருக்க வேண்டும். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

காய்ச்சலுக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியதில், உன் அக்கா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குக்கூட வருவதில்லை. "தம்பி கல்யாண போட்டோவுல இந்தத் தலையோட நிக்க மாட்டேன், நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்கிறாள். உன்னைத் தூக்கி வளர்த்தவள் இல்லாமல் உனக்கு என்னடா கல்யாணம்? அதனால் ஒட்டு முடி வைத்துக்கொள்ளலாம் என்று நானே யோசனை சொல்லி அழகு நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த அம்மாள், கொட்டுவது நின்றுவிட்டதா, படுக்கும்போது தலை வலிக்கிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். "சார், தலை அவங்களோடதுதானே?" என்றவர், உன் அக்காவின் முடியை மெல்ல இழுத்துப் பார்த்து, "வேர் இன்னும் பலமாகலை. இதுல பாரத்தைத் தொங்கவிட்டா இருக்கிறதும் சேர்ந்து வந்துடும். ஆறு மாசம் போகட்டும்" என்றார். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க மட்டும் கிளிப் வைத்த ஒட்டு முடிக் கற்றை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நானே ஏறிப் பார்க்காமல் அடுத்தவரை ஏறச் சொன்னவன் இல்லை. ஆகவே மறுநாள் அந்தக் கற்றையை என் பிடரியில் மிச்சமிருக்கிற முடியில் மாட்டி, தொப்பிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், நாள் முழுக்க வலிக்கிறதா என்று பார்க்கத்தான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. அடுத்த தெருக் குடியிருப்பில் லிஃப்டுக்குள் குனிந்தேனா, தொப்பி விழுந்தது, கற்றை அவிழ்ந்தது, கதவு மூடிக்கொண்டது. உள்ளே நான், வெளியே ஒரு முழம் கூந்தல். லிஃப்ட் நகரவும் இல்லை, திறக்கவும் இல்லை. மாடிக்காரர் ஒருவர் "உள்ள ஒரு பொம்பள மாட்டிக்கிச்சு!" என்று கூவ, "பொம்பள இல்லய்யா, மெக்கானிக்!" என்று நான் கூவ, என் குரலை அடையாளம் கண்ட காவலாளி உன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான்: "அக்கா, அண்ணன் தலை கதவுல மாட்டிக்கிச்சு!"

ஓடி வந்துவிட்டாள். வெறுந்தலையோடு. தெருவே பார்த்தது. நான் உள்ளேயிருந்து வழி சொல்லச் சொல்ல காவலாளி சாவி போட்டுக் கதவைத் திறந்தான். கற்றை என் முடியையும் பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தது. உன் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவிடுக்கில் பார்த்தேன், தோள் குலுங்குகிறது. அழ வைத்துவிட்டேனே என்று எனக்கு மனசே சரியில்லை.

ஆகவே, தீர யோசித்துச் சொல்கிறேன்: கல்யாணத்தை ஆறு மாதம் தள்ளிப் போடு. அதற்குள் வேர் பலமாகிவிடும். மண்டபக்காரரிடமும் பெண்ணைப் பெற்றவர்களிடமும் நானே பேசிக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உன் தலைமுடிக்கு என் தனிப்பட்ட வாழ்த்து.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. இவர் உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். எழுதினதைத் திரும்பப் படிக்கிற பழக்கம் இவருக்கு இல்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன். நான் அழவில்லைடா, சிரித்தேன். காய்ச்சல் வந்த பிறகு முதல் தடவையாக வயிறு வலிக்கச் சிரித்தேன். அவ்வளவு கூட்டத்தில் என் தலையை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை, எல்லாரும் இவர் தலையைத்தான் பார்த்தார்கள். கல்யாணத்தை ஒரு நாள் தள்ளினாலும் உன் காதைத் திருகிவிடுவேன். இருக்கிற முடியோடு வந்து போட்டோவில் உன் பக்கத்தில் நிற்கிறேன். ஒன்று மட்டும் உன்னோடு இருக்கட்டும். தினமும் நான் எழுவதற்கு முன்னால், குளியலறையிலும் சீப்பிலும் கிடக்கிற என் முடியையெல்லாம் இவர் எடுத்துவிடுகிறார், நான் பார்க்கக் கூடாதென்று. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.