கேட் நைனாவின் இன்டர்வெல்

ஆவடிக்கு வடக்கே, உட்கார்ந்த மனிதனை எழுந்திருக்க விடாத வித்தை ஒரே ஒருவருக்குத்தான் கைவந்திருந்தது. வெள்ளானூர்ப் பக்கம் டென்ட் கொட்டாயில் டிக்கெட் கிழித்த ‘கேட்’ நைனா. அதே கொட்டாயில் கோலி சோடா விற்றவன் நான். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு புயலில் எங்கள் ஆரம்பப் பள்ளியின் கூரை பறந்துபோய் ஏரியில் விழுந்தது. “பகல்ல கொட்டா சும்மாதானே கீது, நடத்திக்கோங்க” என்றார் முதலாளி. திரைக்கு முன்னால் ஸ்டெல்லா டீச்சர் கரும்பலகையைச் சாத்தினார். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருத்தர்தான். பிள்ளைகள் தரை டிக்கெட் மணலில்.

காலையில் கொட்டாய் நிறையும். சத்துணவு முடிந்ததும் காலி. தட்டைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் ஒருத்தி மாடு மேய்க்க, ஒருத்தன் செங்கல் சூளைக்கு.

“இப்படியே போனா பள்ளிக்கூடத்தை மூடி, தண்டவாளத்துக்கு அந்தாண்டை சேர்த்துடுவாங்களாம். அதைத் தாண்டிப் பொம்பளைப் பிள்ளைங்களை யாரு அனுப்புவாங்க?” என்று டீச்சர் ஒருநாள் என்னிடம் கண் கலங்கினார்.

பக்கத்தில் நின்ற நைனா பீடியை அணைத்தார். “இன்னா டீச்சர் நீ, சோத்தைப் போட்டு, படம் முடிஞ்சாப்ல வணக்கமும் போட்டுட்டா ஜனம் ஊட்டுக்குத்தான் போவும்.”

மறுநாள் சோற்று மணிக்குமுன் நான் பார்த்த காட்சியில் கையிலிருந்த சோடா பொங்கி வழிந்தது. திரைக்கு முன்னால் நைனா குதிரையில் வருகிறார், கம்பு சுற்றுகிறார், வில்லனாக மாறித் தன் கழுத்தைத் தானே நெரிக்கிறார். கதாநாயகியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டு, ரயிலாகவும் கூவிவிட்டு, டக்கென்று நிறுத்தினார்.

“இன்டர்வெல். மீதி நாலு மணிக்கு. மத்தியானம் கிளாஸ்ல கீறவனுக்கு மட்டும்.”

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அன்று மத்தியானம் ஒரு தலை குறையவில்லை. அதன்பின் தினமும் கொட்டாயில் ஓடிய ஏதாவது ஒரு படத்தின் கதைதான்.

ஒருநாள், பள்ளியை மூடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய கல்வி அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். உள்ளே கரும்பலகை ஓரமாகக் கிடக்க, நடுவில் நைனா செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நைனா அசரவில்லை. கதாநாயகனைக் கிணற்றில் தள்ளி, கயிற்றையும் அறுத்துவிட்டு, “இன்டர்வெல்” என்றார்.

அதிகாரி, அங்கே கிணறே இருப்பதுபோல மணலை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “பொழைச்சானா?” என்றார்.

“நாலு மணிக்கு சார்.”

“நான் ஆபீசருய்யா.”

“அதான் பெஞ்சு டிக்கெட் குடுக்கிறேன். ஒக்காருங்க.”

உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்க வாய்ப்பாடு கேட்டார், பாடம் வாசிக்கச் சொன்னார். நாலு மணிக்குத் தானே முன்வரிசைக்கு நகர்ந்தார்.

நைனா வழக்கம்போல மூன்றாம் வகுப்பு பர்வீனைக் கைகாட்டினார். “நீ சொல்லு கண்ணு, அப்பால இன்னா ஆச்சு?” அவள் ஒரு முடிவு சொன்னாள். ஜோசப் எழுந்து, அது பொய் என்று வேறொன்று சொன்னான். எதற்குக் கைதட்டல் அதிகமோ அதுதான் முடிவு. பிள்ளைகளைப் பேசப் பழக்குகிறார் என்று டீச்சர் இதைப் பெருமையாகச் சொல்வார்.

அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. “அதெல்லாம் சரிய்யா. படத்துல என்ன முடிவு?”

“யாருக்குத் தெரியும் சார்? கிளைமாக்ஸ் வந்தா நான் கேட்டைத் தொறந்துகினு வெளிய நிக்கணும். ஒரு படத்துக்கும் முடிவு பார்த்ததில்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே சோடா விற்றிருக்கிறேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி ஜீப்பில் ஏறும்போது சொன்னார்: “பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கட்டும்மா. கட்டடத்துக்கு நான் எழுதறேன்.”

கட்டடம் வந்தது. திறப்பு விழாவில் நன்றியுரை தொடங்கியதும் நைனாவைக் காணோம். தேடிப் போனால், புது கேட்டைத் திறந்து பிடித்தபடி தெருவில் நிற்கிறார்.

“உள்ள வாங்க நைனா, உங்களுக்கு மாலை போடணுமாம்.”

“முடியப் போவுதுடா. ஜனம் வெளிய வரும்.”

இப்போதும் டிவியில் பழைய படம் முடிகிற நேரத்தில் எழுந்துபோய் வாசற்கதவைத் திறக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். வெளியே நைனா நின்றால், முடிவைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?