அத்தான் எந்த நிறத்தைச் சொன்னார்?

சுடலைமணி அத்தான் பொய் சொல்கிறார். ஐந்து வருஷமாகச் சொல்கிறார். கல்யாண வீட்டில் சொன்னார், சடங்கு வீட்டில் சொன்னார், ஒரு தடவை எழவு வீட்டில்கூடச் சொன்னார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே கேட்டிருக்கிறேன். (எழவு வீட்டில் முறுக்கு இல்லை, வெறும் சாயாதான்.) இனிமேல் முடியாது.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். புரியவில்லை என்று தப்பிக்கக் கூடாது.

நான் பேச்சியம்மாள். தாராவியில் லேடீஸ் பர்ஸ் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். போனில் படம் எடுத்து விற்பனைக்குப் போடுவேன். போன் படத்தில் என் பிரவுன் பர்ஸ் எல்லாம் ஆட்டு ஈரல் மாதிரித் தெரிந்தது. ஒரு அம்மா, "இது கறிக்கடையா?" என்றே மெசேஜ் போட்டார். அன்றைக்கே கேமரா வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

சும்மா கேமரா இல்லை. பார்த்தால் அந்தக் காலத்து ரோல் கேமரா மாதிரி இருக்கும். மேலே திருகுகிற வட்டங்கள், சுற்றிலும் லெதர், உள்ளே எல்லாம் புதுசு. (லெதர் என்றதுமே நான் விழுந்துவிட்டேன். கையில் வாங்கிப் பார்த்தால் ரெக்ஸின். என் தொழிலில் இதற்குப் பெயர் ஏமாற்று.)

வி.டி. ஸ்டேஷன் பக்கம் கடை. "எனக்குக் கேமரா தெரியும்" என்று அத்தான் கூடவே வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே கேமரா எங்கள் சந்து முனையில் மாட்டியிருக்கும் சிசிடிவி. கடைக்காரர் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று மேலும் கீழும் சில்வர், நடுவில் மட்டும் கருப்பு. இன்னொன்று முழுக் கருப்பு. சில்வரைத் தூக்கினேன். கை நிறைய நகை போட்ட மாதிரி இருந்தது. கருப்பைத் தூக்கினேன். கெத்தாக இருந்தது. மறுபடி சில்வர். மறுபடி கருப்பு. இப்படியே அரை மணி நேரம். கடைக்காரர் சலித்துப்போய், "தீதி, அந்தர் சே தோனோ ஏக் ஹீ ஹை" என்றார். உள்ளே இரண்டும் ஒன்றுதானாம். பட்டுச்சேலைக் கடையில் இப்படிச் சொல்ல ஒருத்தருக்குத் தைரியம் வருமா?

அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏ பேச்சி, சில்வர் வேண்டாம்ட்டி. டீக்கடை டபரா மாதிரி இருக்கு. கருப்ப எடு. கருப்புதான் கெத்து. அழுக்கும் தெரியாது."

கருப்பை எடுத்தேன். இதுதான் நடந்தது. கடைக்காரர் சாட்சி. (அவருக்குத் தமிழ் தெரியாது. அது என் விதி.)

அந்த மே மாதம் என் தங்கை முத்துச்செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். வீடியோ அவர்கள் பொறுப்பு, போட்டோ எங்கள் பொறுப்பு என்று பேச்சு. எல்லோரும் கூடியிருக்கும்போது நான் எழுந்து நின்று, "போட்டோவுக்கு வெளியாள் எதுக்கு? எந் தங்கச்சிக்குத் தாலி ஏறுத போட்டோவ நான் எடுப்பேன்" என்று அறிவித்தேன். கேமரா வாங்கி அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. பர்ஸைத் தவிர வேறு எதையும் எடுத்ததில்லை. பர்ஸ் அசையாது, மனுஷன் அசைவான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முத்துச்செல்வி என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். "யக்கா, அந்த ஒரு போட்டோ மட்டும் தப்பிரக் கூடாது. மத்ததெல்லாம் போனாப் போவட்டும்."

"ஏட்டி, நான் இருக்கேம்லா?" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் சம்பந்தியம்மா. நான் மட்டும் அத்தை என்பேன். அவருக்கு அம்மி தூக்கிப் பழகிய கை. கேமராவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏம்மா பேச்சி, தாலி கெட்டிட்டு எம்புள்ள நிமிந்தா கருப்புச் சாமான்லயா முழிக்கணும்?"

"எல்லாக் கேமராவும் கருப்புதான அத்தே?"

"அது ஊரான் கேமரா. இது பொண்ணு வீட்டுச் சொந்தச் சாமான். கூடப் பொறந்தவளே கருப்பத் தூக்கிட்டு எதுத்தாப்ல நிக்கலாமா?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் பஜ்ஜியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"நான் அன்னைக்கே தலபாடா அடிச்சேன் சம்பந்தியம்மா, சில்வர எடு, சில்வர எடுன்னு. கேக்கமாட்டேன்னுட்டா."

பொய் பிறந்த இடம் இதுதான்.

"மாத்திரலாம் அத்தே" என்று சொல்லிவிட்டேன். கடையில் போய் மாற்றிக் கேட்டிருக்கலாம், தரமாட்டேன் என்று விரட்டியிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் பட்டறையில் பார்ட்டி பர்ஸ் ஆர்டரில் மிஞ்சிய சில்வர் லெதர் கிடந்தது. கண்ணாடி மாதிரி மின்னும். இந்த இடத்தில் என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எனக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது. ஆனால் எதைக் கொடுத்தாலும் லெதரால் மூடத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் காகிதத்தில் அளவு வெட்டினேன். லெதர் ஓரத்தைச் சீவினேன். சொல்யூஷன் தடவி ஒட்டினேன்.

சொல்யூஷன் என்பது எங்கள் பசை. தடவிக் காயவிட்டு, ஒட்டி, சுத்தியலால் தட்ட வேண்டும். தட்டினால்தான் பிடிக்கும். பர்ஸைத் தட்டலாம், கேமராவை எப்படித் தட்டுவது? கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, போதும் என்று விட்டுவிட்டேன். தாலி நேரத்தில் எதுவும் தப்பக் கூடாதே என்று, பட்டனை அமுக்கியிருக்கும் வரை நிற்காமல் படம் எடுக்கிற மாதிரி வட்டத்தைத் திருப்பி வைத்தேன். அதன் மேலேயும் லெதரை ஒட்டினேன். ஆஃப் செய்கிற சுவிட்சும் உள்ளே போய்விட்டது. போகட்டும், கல்யாணத்தில் யார் ஆஃப் செய்யப் போகிறார்கள்?

அத்தான் பார்த்துவிட்டு, "பிரியாணி பார்சல் மாதிரி இருக்குட்டி" என்றார். சம்பந்தியம்மா, "இப்பதான் லட்சணமா இருக்கு" என்றார். நான் சம்பந்தியம்மா சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

முகூர்த்த நாள். மே மாதம், ஏசி இல்லாத ஹால், வீடியோக்காரரின் பெரிய விளக்கு சரியாக என் தலைக்கு மேல். சொல்யூஷன் இளகத் தொடங்கியது எனக்குத் தெரியாது. "கெட்டிமேளம்!" என்றார்கள். கேமராவைக் கண்ணோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பட்டனை அமுக்கினேன். டப் டப் டப் டப். மேலே ஒட்டியிருந்த லெதர் வழுக்கி வந்து பட்டன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. விரலை எடுத்தேன். டப் டப் டப். சரி, எடுத்தது போதும் என்று கேமராவை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. என் வலது புருவமும் கன்னமும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

மேளம் நிற்கிற நொடி பார்த்து நான் வேகமாக இழுத்தேன்.

"யம்மா!"

நாதஸ்வரத்தைவிட நன்றாகக் கேட்டிருக்கும். அட்சதை போட ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. டப் டப் டப்.

தாலி ஏறும் நேரத்தில் அலறல். எங்கள் ஆட்களிடம் இதற்கு மன்னிப்பே கிடையாது. நாளைக்கு முத்துச்செல்வி அந்த வீட்டில் போய் வாழ வேண்டும். அங்கே பால் திரிந்தாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், "அன்னைக்கே இவ அக்காக்காரி அலறினாள்லா" என்று பேச்சு வரும். இழுத்தும் கேமரா முகத்தை விட்டு வரவில்லை. கேமரா வழியாகவே பார்க்கிறேன், சம்பந்தியம்மா நாற்காலியை விட்டு எழுந்து வருகிறார்.

அதற்குள் அத்தான் மேடைக்கு ஓடிவந்துவிட்டார். "அசையாதட்டி! சூடு காட்டுனா விட்டுரும்!" என்று குத்துவிளக்கைத் தூக்கப் போனார்.

"வெளக்கத் தொட்டிய, கைய ஒடிச்சிருவேன்!"

சம்பந்தியம்மா போட்ட சத்தத்தில் அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்தக் கை என் முகத்துக்கு வந்தது. ஒரே இழுப்பு. கேமரா வந்தது. சில்வர் லெதர் தனியே உரிந்து வந்தது. அதோடு என் பாதிப் புருவமும் போனது.

சம்பந்தியம்மாவின் ஒரு கையில் லெதர், அதில் என் புருவம். இன்னொரு கையில் கருப்புக் கேமரா, டப் டப் டப். நான் ஒற்றைக் கண்ணில் நீர் வழிய நிற்கிறேன். அப்போது மேடையில் யாரோ சிரித்தார்கள். முத்துச்செல்வி. தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள், புதுத் தாலி குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். சம்பந்தியம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லெதரைப் பார்த்தார். அவருக்கும் தாங்கவில்லை.

"பட்ட கண்ணெல்லாம் இவ புருவத்தோட போச்சு!" என்று ஹாலுக்கே கேட்கச் சொன்னார். "திருஷ்டிக்குக் கருப்புதான் நல்லது. இதுல போயி சில்வர யாரு ஒட்டச் சொன்னா?"

நீங்கள்தான் அத்தே என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன் சம்பந்தியம்மா, கருப்புதான்னு."

லெதர் போனாலும் பட்டனும் சுவிட்சும் பசையில் இறுகிக் கிடந்தன. பேட்டரியைப் பிடுங்கித்தான் கேமராவை நிறுத்தினோம். சாயங்காலம் படங்களைப் பார்த்தோம். தாலி முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் ஐயர் முழங்கை. பிறகு அத்தான் ஓடிவருகிறார். பிறகு ஒரு உள்ளங்கை. பிறகு சீலிங் ஃபேன், நிறைய சீலிங் ஃபேன். அதற்குப் பிறகு ஒரு படம். முத்துச்செல்வி வாய்விட்டுச் சிரிக்கிறாள், கழுத்தில் தாலி, பக்கத்தில் மாப்பிள்ளை அவளையே பார்த்துச் சிரிக்கிறார். லேபர் கேம்ப் வீட்டில் இன்றைக்கும் அதைத்தான் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். என் கேமராவில் எடுத்ததிலேயே நல்ல படம் அது. எடுத்தது சம்பந்தியம்மாவின் கை.

என் புருவம் பாதிக்கு மேல் திரும்ப முளைக்கவில்லை. தினமும் பென்சிலால் வரைகிறேன். ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லை என்றாலும், கதவு இறுகிக்கொண்டது என்றாலும், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "சம்பந்தியம்மாவக் கூப்பிடு" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அது எனக்குப் பிரச்சினை இல்லை.

பிரச்சினை அத்தான்தான். லேபர் கேம்ப் வீட்டில் இந்தக் கதையைச் சொன்னால், "நான் கருப்புன்னு சொன்னேன்" என்கிறார். தாராவியில் எங்கள் வீட்டில் சொன்னால், "நான் சில்வர்னு சொன்னேன், கேட்டிருந்தா புருவம் போயிருக்காது" என்கிறார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். வழியில் எந்தச் சந்தில் நிறம் மாறுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முத்துச்செல்வி மகளுக்குக் காதுகுத்து. இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே ஹாலில் இருப்பார்கள். மைக்குக்குச் சொல்லியாகிவிட்டது. அத்தான், பந்திக்கு முன்னால் மேடை ஏறுங்கள். (சாப்பிட்டால் தூங்கிவிடுவீர்கள்.) சம்பந்தியம்மாவையும் என் அக்காவையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, அன்றைக்குக் கடையில் என்னை எந்தக் கேமராவை எடுக்கச் சொன்னீர்கள் என்று மைக்கில் சொல்லுங்கள். ஒரே ஒரு நிறம். "ரெண்டுமே நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஆரம்பித்தீர்களோ, பந்தியில் உங்களுக்கு இலை கிடையாது.